ஒரு மீட்டர் கேபிள்

நல்ல டிஜிட்டல் கேபிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் நீளத்தைக் கவனிக்க வேண்டும். சீடி பிளேயருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் இடையில் ஒரு மீட்டர் போதும். நான் வெட்டியதும் ஒரு மீட்டர்தான். உங்கள் அறிக்கையில் 'கேபிளை வெட்டி எடுத்துள்ளார்' என்று மொட்டையாக எழுதியிருப்பதால், சைரன் கோபுரத்தையே பெயர்த்துக்கொண்டு போனவன் மாதிரி இருக்கிறது. அளவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

என் பெயர் நல்லரத்தினம். பெரியகல்லாற்றில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன், இப்போது ஊர் அனர்த்தக் குழுவின் செயலாளர். சுனாமி என்னையும் விட்டுவைக்கவில்லை. நானூறு கசெட்டுகளையும் ஒரு ஜப்பான் ரேடியோவையும் கொண்டுபோனது. கடற்கரையில் குடியிருந்த கேதீஸ்வரியிடமிருந்து இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது. இழப்பில் பெரிது சிறிது பார்க்கக்கூடாது என்று அஞ்சலிக் கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் என் வளவுக்குப் பின்னால் கோபுரம் கட்டி, உச்சியில் சைரன் பூட்டிக் கொடுத்தது. பொத்தான் பெட்டி என் முன்னறையில். பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு கேபிள். அந்த நாட்களில் யாராவது "கடல் வருது" என்று கத்தினால் போதும், ஊரே ஓடும். ஓடியவர்களின் வீடுகளில் கள்ளர் புகுந்து பானை சட்டியையும் விடாமல் அள்ளினார்கள். ஆகவே நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். சைரன் ஊதாமல் எவரும் ஓடக்கூடாது. நடக்க முடியாதவர்களை ஏற்றிப் பாலம் கடக்கும் குழு ட்ரெக்டரும் சைரன் ஊதாமல் அசையக்கூடாது. எல்லோரும் கை உயர்த்தினார்கள். அந்தச் சட்டத்தை நம்பித்தான் கேதீஸ்வரி, நடக்க முடியாத தகப்பன் இளையதம்பியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக் காணிக்கே திரும்பி வந்தாள். ஊர் என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சுவிசில் இருக்கும் மைத்துனர் சீடி பிளேயரும் அம்ப்ளிஃபயரும் அனுப்பினார். சமாதானத்தின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பென்றால் ஒரு சுருள் வயரோடு சோதனைச் சாவடியில் அகப்பட்டவன், அது பாட்டுக் கேட்கத்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் அவன் வீட்டில் செத்தவீடு நடந்திருக்கும். இப்போது காத்தான்குடிக்குப் பஸ் ஏறி, றிஸ்வியின் கடையில் ஆற அமர இருந்து கேபிள் தெரிவு செய்யலாம்.

றிஸ்வி நல்ல பொடியன், ஆனால் காது கிடையாது. மூன்று கேபிள்களைத் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பூட்டி, எது உயர்ந்தது என்று கேட்டான். நான் ஆழமும் இனிமையும் நிறைந்த ஒன்றைச் சொன்னேன். திரையை விலக்கினால் அது டீவி அன்ரனாவுக்குப் போடும் சாதாரண வயர்.

"சேர், இது டிஜிட்டல். வந்தா வரும், வராட்டி வராது. இதுல இனிப்புக் கூடக் குறைய ஒண்டும் இல்ல," என்று சிரித்தான்.

அன்று கடையில் மின்விசிறிச் சத்தம் அதிகம். அந்தச் சோதனையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சுவரோரமாகப் போகும் சைரன் கேபிளைப் பார்த்தேன். உள்ளே வெள்ளி பூசிய கம்பி. உறையில் எழுபத்தைந்து ஓம் என்று அச்சிட்டிருந்தது. டிஜிட்டல் கேபிளுக்கு வேண்டியதும் அதே எழுபத்தைந்துதான். வருடக்கணக்காக ஒரு தடவைகூட உண்மைக்கு ஊதாத சைரனுக்கு வெள்ளிக் கம்பி எதற்கு என்று நினைத்தேன். எவரும் நினைத்திருப்பார்கள். ஒரு மீட்டரை வெட்டினேன். அந்த இடத்தில் றிஸ்வியிடம் வாங்கிய அன்ரனா வயரை வைத்துக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். வெறுமனே விட்டுவிட்டு வரவில்லை, அதைக் கவனியுங்கள்.

மாரிமழைக்கு ரேப் விட்டது, உப்புக் காற்றுக்குக் கம்பி பச்சை பிடித்தது. எனக்குத் தெரியும். அதனால்தான் மாதாந்தச் சோதனையில் சைரனை ஊத வேண்டாம், பெட்டியில் பச்சை லைட் எரிந்தால் போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று காரணம் சொன்னேன். தாய்மார் நன்றி சொன்னார்கள். கோபுரம் இல்லாவிட்டாலும் லைட் எரியும்.

பிறகு அந்தச் சித்திரை மாதப் பின்னேரம். தூரத்தில் எங்கோ பூமி அதிர்ந்ததாம், கரையை விட்டு விலகச் சொல்லி ரேடியோவில் சொன்னார்களாம். கேதீஸ்வரி ஓடிப்போய் ட்ரெக்டர் ஓட்டும் பிரதீசைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"சைரன் ஊதட்டும் அக்கா, மறுகா ட்ரெக்டர எடுப்பம். அது சேர்ட சட்டம்," என்றிருக்கிறான்.

பிரதீஸ் என் மாணவன். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

அவள் என் வீட்டுக்கு வந்துபோன பிறகு, தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போயிருக்கிறாள். மூன்று பேர் போகும் தோணியில் ஒன்பது பேர் ஏறினார்கள். நடு வாவியில் அது கவிழ்ந்தது. எட்டுப் பேரை இழுத்தெடுத்தார்கள். இளையதம்பியை அடுத்த நாள் காலையில் வாவியோரச் சேற்றுக் கன்னா மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள்.

அலை வரவில்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அலை வராத நாளில் சைரன் ஊதவில்லை என்றால் அதைப் பழுது என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு ஊரில் சரியாக நடந்துகொண்டது அது ஒன்றுதான். சட்டத்தை மீறித் தோணி ஏறியவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. செத்தவீட்டுக்கு இரண்டு மூடை அரிசி அனுப்பினேன். கேதீஸ்வரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

அவள் என் கதவை எவ்வளவு நேரம் தட்டினாள் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். அப்போது நான் ஒரு நாதஸ்வரக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். வித்துவான் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. நடுவில் தவில் ஓரடி பிசகியது. திரும்பவும் பிசகியது. கேபிள் இளகிவிட்டது என்று குனிந்து இறுக்கினேன். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"சேர், கதவத் தொறங்க! சைரன ஊதுங்க சேர், அப்பாவ ஏத்தணும்!"

அந்த இசைத்தட்டில் பெண் குரல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினாலும் சைரன் ஊதாது என்பதும் தெரியும். ஆகவே ஒலியைக் கூட்டினேன். அவள் போகும்வரை கூட்டினேன்.

கடைசி எல்லைவரை கூட்டியும் ஒரு பிசிறு இல்லை, ஐயா. றிஸ்விக்கு இதைச் சொல்ல வேண்டும்.