கிருபாவின் கம்ப்யூட்டரில் நான் செய்த மாற்றங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று புலம்பாத ஆளே இல்லை, சார். முக்கால்வாசிப் பெட்டிகளுக்கு நோய் எதுவும் கிடையாது. தேவையில்லாத வேலையை எல்லாம் அதன் தலையில் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

கிருபாகரனுடையதும் அப்படித்தான். திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டு மாடியில் 2006 முதல் குடியிருந்தான். இருபத்தேழு வயது, கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. அப்பா அம்மா இல்லை. அக்கா ஜெஸ்ஸி மட்டும் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். நான் கல்பாக்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன். மகள் பிரசவத்துக்கென்று ஐதராபாத் போன என் மனைவி இன்னும் திரும்பவில்லை. பேரனுக்கு ஐந்து வயது ஆகிறது.

ஒருநாள் கிருபா கீழே வந்தான். "அண்ணாத்த, சண்டை கேம் போட்டா படம் வுட்டு வுட்டு வருது. அவன் என்னைச் சுட்டு முடிச்ச அப்பால தான் அவனே கண்ணுக்குத் தெரியறான். இன்னான்னு பாருங்களேன்."

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் கேமை அதில் ஓடவைக்கத் தனி மென்பொருள் உண்டு. அதைச் சரிக்கட்ட நான்கு நாள் பிடித்தது. வைரஸ் ஒழிந்தது. பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒழிந்தன. நொடிக்குப் பதினெட்டு படம் காட்டிய அதே பெட்டி நாற்பது காட்டியது. "தண்ணி மாதிரி போவுது அண்ணாத்த" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என் கையை யாரும் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

லினக்ஸில் ரூட் என்று ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதை வைத்திருப்பவன் பெட்டிக்குள் எதையும் திறக்கலாம், மாற்றலாம். எங்கள் பக்கத்தில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தவனிடமே அதை விட்டுவிடுவார்கள். கிருபாவும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்று அவன் பெட்டியை என் ஹாலுக்கே இறக்கினோம். தினமும் ஷிஃப்ட் முடிந்து நேரே என்னிடம் வருவான். இரண்டு தட்டு உப்புமா, இரண்டு டம்ளர் காபி. அவன் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். அந்தக் கூச்சல் எனக்கு வேண்டியிருந்தது, சார். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஆட்டத்தின் நடுவே மெயில் வந்தால் மட்டும் படம் ஒரு நொடி திணறும். அதனால் அவன் மெயில்கள் முதலில் என் கம்ப்யூட்டருக்கு வரும்படி மாற்றினேன். ஆட்டம் முடிந்ததும் அவனுக்குத் தள்ளிவிடுவேன். அதில் தவறு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

ஜெஸ்ஸியின் செல்போனை அந்த வீட்டார் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் வெளியே போகும்போது அங்கிருந்த கம்ப்யூட்டரில் தம்பிக்கு எழுதுவாள். போன வருஷம் மார்ச்சில் இப்படி வந்தது: "தம்பி, இவங்க அடிக்கிறாங்க. ரூம்ல போட்டுப் பூட்றாங்க. ஏஜென்ட்டாண்ட போய்ச் சொல்லு. என்னை எப்படியாவது கூட்டிக்கினு போயிடு."

இரண்டு முறை படித்தேன். கிருபா இதைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைவான். அவளைக் கூட்டி வருவான். மாடியில் அக்கா சமைப்பாள். பெட்டி மேலே போய்விடும். என் ஹால் பழையபடி ஆகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் இது வேண்டாத சுமை என்று எனக்குப் பட்டது.

அவன் பெயரில் நானே பதில் போட்டேன். "அக்கா, ஏஜென்ட்டைப் பார்த்துட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோ." அவள் நம்பினாள். தம்பியும் கவலைப்படக் கூடாதல்லவா, "நல்லா கீறேன், ஒழுங்கா சாப்புடு" என்று அவள் பெயரில் அவனுக்கும் வாராவாரம் எழுதினேன். அவன் அவளுக்கு எழுதியதும் என் கம்ப்யூட்டரைத் தாண்டவில்லை. அதைப் படித்துவிட்டு நிம்மதியாக ஆட உட்காருவான்.

மே மாதம், ஜெஸ்ஸி அந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்ததாகத் தகவல் வந்தது. ஏர்போர்ட்டில் சவப்பெட்டியை வாங்கக் கிருபாவுடன் நான்தான் போனேன். அடக்கம் முடிந்து மூன்று நாள் என் மடியில் தலைவைத்து அழுதான். நான்தான் ஊட்டிவிட்டேன். அப்படி ஒரு நெருக்கம் என் மகளிடம்கூட எனக்கு வாய்க்கவில்லை.

பிறகு அக்காவின் மெயில்களை எல்லாம் தொகுத்துத் தரச் சொல்லிக் கேட்டான். நான் தள்ளிப்போட்டேன். போன வாரம் நான் கடைக்குப் போன நேரத்தில் என் கம்ப்யூட்டரில் அவனே தேடியிருக்கிறான். நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான், மீதி உங்களுக்குத் தெரியும். நான் எதையும் அழித்து வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அவளை அப்படியே கைவிட்டேன் என்று கிருபா சொன்னானாம். அது சரியில்லை. அந்த மார்ச் முதல் அவள் ஒன்பது மெயில் எழுதினாள். எட்டுக்கு அன்றன்றே பதில் போட்டேன். ஒன்பதாவது அவள் விழுவதற்கு முந்தின நாள் வந்தது. "தம்பி, வர முடியலன்னா பரவால்ல. இன்னிக்கு ஒரு பதில் மட்டும் போடு." அதற்கும் போட்டிருப்பேன். அன்று அவனுக்கு ஷிஃப்ட் மதியமே முடிந்துவிட்டது, சார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.