கதவு வரைக்கும் பதினோரு அடி

இல்லைங்க டாக்டர், தண்ணி வேண்டாம். நீங்க சொன்னது புரிஞ்சுது. நானே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், தப்பா இருந்தா திருத்துங்க. கண்ணு ரெண்டும் நல்லாருக்கு. கண்ணு பார்க்கிறதை மூளை வாங்கிப் பிரிச்சு அடுக்கற இடத்துலதான் குழப்பம். அப்படித்தானே? சோம்பேறித்தனம் இல்ல. திமிரு இல்ல. அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா? ரெண்டா குடுங்க. கிளாஸ் டீச்சருக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு.

பொண்ணு வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. உள்ள வந்ததும் எனக்கு என்னம்மான்னு கேட்பா. அவகிட்ட என்ன சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை.

கண்ணாடியா? ஆமா, போட்டிருந்தா. நீங்க டெஸ்ட்டுக்குக் கழட்டச் சொன்னப்ப என்கிட்ட குடுத்தா. ஸ்க்ரூ கொஞ்சம் லூஸு, அதான் திருகிக்கிட்டே இருக்கேன். சொல்றேங்க. மத்ததை முதல்ல சொல்லிடறேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். பதினாலு வருஷமா. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்த மாதிரி அரைச்சு மாட்டுறது என் வேலை. ஊர்ல பாதிப் பேர் மூக்கு மேல என் கைவேலைதான் உட்கார்ந்திருக்கு. பெத்த பொண்ணு நாலு வரி படிக்கத் திணறினா நான் எதைச் சந்தேகப்படுவேன், சொல்லுங்க? கடைக்குக் கூட்டிட்டுப் போய் கண்ணு டெஸ்ட் பண்ற எழுத்துப் போர்டு முன்னாடி உட்கார வெச்சேன். கடைசி வரி, அந்த எறும்பு எழுத்து, கடகடன்னு சொல்லிட்டா. கண்ணாடி உனக்குத்தாம்மா வேணும்னு முதலாளி சிரிச்சார்.

ஒத்தை ஒத்தையா இருந்தா பிடிச்சிடறா. புத்தகத்துல கூட்டமா வந்தாதான் போச்சு. பஸ்ஸை விட்டு எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கற மாதிரி இருக்கும்மான்னா. எனக்கு அப்ப விளங்கலை. கிளாஸ்ல போர்டைப் பார்த்துட்டு நோட்டுக்குக் குனியறதுக்குள்ள விட்ட இடம் தொலைஞ்சிடும். டிராயரைத் திறந்தா கத்திரிக்கோல் கண்ணெதிர கிடக்கும், காணோம்பா. ஆனா பாடத்தை ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா, அப்படியே ஒப்பிப்பா. அதுதான் வினையே. வாய் இவ்வளவு பேசுது, எழுத மட்டும் வலிக்குதான்னு டீச்சர் ரெண்டாங்கிளாஸ் முழுக்க நிக்க வெச்சாங்க. பிள்ளைங்க நத்தைன்னு பேர் வெச்சுதுங்க. நான் மட்டும் என்ன? கண்ணு நல்லாத்தானேடி இருக்கு, நானே பார்த்தேனேன்னு சொல்லிச் சொல்லி ஸ்கேலால அடிச்சிருக்கேன்.

முட்டியில இருக்கற காயமா? அது நாற்காலியில இடிச்சுக்கிட்டா. நெத்தியில இருக்கறதும் அதேதான். ஐயோ, நான் இல்லைங்க! ரெண்டு வருஷமா நான் கை ஓங்கினதே இல்ல. அதுக்குத்தான் வர்றேன்.

மூணாங்கிளாஸ்ல ஒரு நாள், ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு கதவுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. அன்னைக்குத்தான் பண்ணினேன். புது ஃப்ரேம்ல காட்சிக்கு ஒரு டம்மி கண்ணாடி மாட்டி வரும். பவர் கிடையாது. லென்ஸ் போடும்போது அதைக் கழட்டித் தூக்கி எறிஞ்சிடுவோம். ஒரு ஊதா ஃப்ரேம் எடுத்தேன், எறியாம அப்படியே குடுத்தேன். கண்ணு கொஞ்சம் வீக், டீச்சர்னு கொண்டு போய் விட்டேன். அதே டீச்சர்! அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதான்னு முதல் பெஞ்சுல உட்கார வெச்சாங்க. கண்ணுன்னா இரக்கம் வருது பாருங்க. இவளுக்கு இருக்கறதை நான் எதைக் காட்டி நிரூபிப்பேன்?

பாப்பாகிட்ட சொல்லலைங்க. எங்கயாவது உளறிடுவாளோன்னு பயம். இனிமே படிச்சிடுவே பாருன்னேன். நம்பினா. அப்புறம் ஒரு நாள், இன்னும் எழுத்து ஓடுதும்மா, பவர் பத்தலை போலிருக்குன்னா. ஏத்திட்டேன்னு வேற ஃப்ரேம் குடுத்தேன். இன்னொரு தடவை கேட்டா, இன்னொண்ணு. இதோ, இது நாலாவது. இதுலயும் ஒண்ணும் கிடையாதுங்க, வேணும்னா பிடிச்சுப் பாருங்க.

இன்னைக்கு நீங்க அட்டையில ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி, மிச்சத்தையெல்லாம் மறைச்சீங்களே, படிச்சா பார்த்தீங்களா? கண்ணாடி இல்லாம! அவளுக்கே நம்ப முடியலை, அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா.

கணக்குல மக்குன்னாங்க. ஒரு கணக்கை மட்டும் தானாவே போட்டிருக்கா. ரெண்டு வருஷத்துல மூணு தடவை பவர் ஏறியாச்சு, அப்பவும் எழுத்து நிக்கலை. அப்போ என்ன அர்த்தம்? போன வாரம் வேலையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டேன். துண்டை எடுத்துக் கண்ணுல இறுகக் கட்டிக்கிட்டு ஹால்ல நடந்துக்கிட்டிருக்கா. கையை நீட்டி, வாய்க்குள்ள அடியை எண்ணிக்கிட்டு. என்னடி விளையாட்டு இதுன்னேன். விளையாட்டு இல்லம்மா, பழகிக்கிறேன், முழுசா தெரியாமப் போறதுக்குள்ள பழகிட்டா உனக்குச் சிரமம் இருக்காதுல்லன்னா.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்தான். வாய் வரைக்கும் வந்துது. கண்ணு போகலைன்னு சந்தோஷப்படுவா, சரி. அடுத்த நிமிஷமே, அப்போ நான் நிஜமாவே மக்காம்மான்னு கேட்டா? அதுக்குப் பதில் என்கிட்ட இல்லைங்க. உங்ககிட்டதான் இருக்கு. நீங்க சொல்லுங்க. நான் சொல்ற எதையும் இனி அவ எதுக்கு நம்பணும்?

நானும் இருக்கணுமா? சரி. இருக்கேன்.

கூப்பிடுங்க. இல்லைங்க, நர்ஸ் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டாம். அந்த பெஞ்சுலேர்ந்து உங்க கதவு வரைக்கும் பதினோரு அடி. வந்தவுடனே எண்ணி வெச்சுட்டா.