நாக்கில் ஒட்டிய கல்

எலும்பா, வெறும் கல்லா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் நாக்கை வைத்துப் பார்ப்போம். கல் வழுக்கிவிடும், கல்லாய்ப் போன எலும்பு என்றால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இது தெரிந்த நாளிலிருந்து என் தங்கை என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. "மொதல்ல வாயக் கழுவிட்டு வா" என்பாள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள் ஐயா, தப்பில்லை.

நகராட்சியின் பருவநிலைத் திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை முன்பு மாதிரி இல்லை. கொட்டினால் தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர். அதனால் மேட்டிலேயே குளம் வெட்டி நீரைத் தேக்குவது என்று முடிவு. இரண்டு இடங்கள் பார்த்தார்கள். ஒன்று, மேற்கே கைவிடப்பட்ட குவாரி. மற்றது கிழக்குச் சரிவு. அதன் கீழேதான் தங்கையின் தெரு. எங்கே நிலம் தாங்கும், எங்கே பழங்கால உயிர்களின் எச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. திட்ட அறிக்கையில் அந்த அத்தியாயம் ஒப்புக்குச் சப்பாணி. யாரும் படிக்கமாட்டார்கள், அடியில் கையெழுத்து இருந்தால் போதும்.

குவாரிக்குப் போன அன்று நல்ல வெயில். சுவரின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நாக்கை வைத்தேன், ஒட்டியது. தூரிகையால் தட்டத் தட்ட முதுகெலும்பு வந்தது, விலா வந்தது, கடைசியில் வாய் மூடிய தலையும் வந்தது. இங்கே கடல் இருந்த காலத்துப் பிராணி. செத்து, சேற்றில் படுத்து, ஒருவரும் தொடாமல் அப்படியே கிடந்திருக்கிறது. நான் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெற்ற பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முறைப்படி சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், தோண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கு என்பார்கள். அந்த எலும்பு காய்ந்த சருகு மாதிரி. பெயர்த்தால் பொடியாகும், தண்ணீர் நின்றால் கரையும். திட்டப் பொறியாளரிடம் ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தேன். "செத்துப்போனதுக்காக உயிரோட இருக்கறவங்கள தண்ணில நிக்கச் சொல்றீங்களா சார்?" என்றார். நியாயமான கேள்வி.

பூமியில் துளையிட்டு எடுத்த மண்ணையும் பாறையையும் நீளத் தட்டுகளில் அடுக்கி வைப்போம். எந்தத் தட்டு எந்த இடத்தது என்பதற்கு ஓரத்தில் கட்டிய அட்டை ஒன்றுதான் அடையாளம். குவாரியின் தட்டில் கெட்டிப் பாறை. குளத்துக்கென்றே செய்த மாதிரி. சரிவின் தட்டில் நடுவே சாம்பல் நிறக் களிமண், தேய்ந்த சோப்புக்கட்டி போல் பளபளவென்று. களிமண்ணில் அந்தப் பளபளப்பு இருந்தால் அந்தச் சரிவு முன்பே ஒருமுறை நழுவியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் இறங்கினால் மறுபடியும் நழுவும். கிடங்கில் அப்போது வேறு யாரும் இல்லை. இரண்டு அட்டைகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றது, குளம் சரிவில்தான் என்று நகராட்சிக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் செய்தது.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. குளத்தை ஆழமாக வெட்டாமல் இருப்பது நல்லது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன். பொறியாளர் அதை அடித்துவிட்டார். மேற்கொண்டு வற்புறுத்தியிருந்தால் தட்டுகளைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

குளம் நிரம்பிய பிறகு தங்கை வந்தாள். பின்சுவரில் விரல் நுழைகிற மாதிரி விரிசலாம், கதவு சாத்தவே முடியவில்லையாம். அவள் கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் எழுந்து நடக்க முடியாத மாமியாரும் சின்ன மகளும். தெருவே கலங்கிப்போய் இருக்கிறது. மண்ணைப் பார்த்தது என் அண்ணன்தான் என்று இவள் எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ பாத்துட்டுத்தானண்ணா கையெழுத்துப் போட்ட? நீ போகச் சொன்னா நாளைக்கே சாமானக் கட்டிடுவேன். ஒரு வார்த்தை சொல்லு."

"மழைக்காலத்துல சுவரு விரியத்தான் செய்யும்மா. பூசினா சரியாயிடும்."

அவளை மட்டும் போகச் சொன்னால் தெருவே கிளம்பும். தெரு கிளம்பினால் ஏன் என்று கேட்பார்கள். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். பூசுவதற்கு நானே ஆள் அனுப்புவதாகச் சொன்னேன், அனுப்பியும் வைத்தேன். அன்று அவள் நிம்மதியாகக் கிளம்பினாள். கிளம்பும்போது என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வாயைக் கழுவச் சொல்லவில்லை.

அடுத்த பெருமழையில் சரிவு இறங்கியது. தெருவின் மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது. மண் எப்படி நகர்ந்திருக்கும் என்று சொல்ல மீட்புக் குழுவுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். வீடு நின்ற இடத்தில் தோண்டாதீர்கள், சாலைக்கு அந்தப் பக்கம் தோண்டுங்கள் என்றேன். அங்கேதான் இருந்தார்கள். மாமியாரின் தலை தங்கையின் மடியில் இருந்தது. மகள் அவள் முதுகைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் களிமண் எதையும் சீக்கிரம் கெடவிடாது. மண்வெட்டி படக் கூடாது என்று எல்லோரையும் நகரச் சொல்லிவிட்டு, என் தூரிகையால் அவள் முகத்தை நானே துடைத்தேன். எனக்குப் பழகிய வேலை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பொறியாளரைத்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பொறியாளரை விட்டுவிடுங்கள். அட்டைகளை மாற்றியது நான், விரிசலைப் பூசச் சொன்னதும் நான். தெரிந்தே செய்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி. கீழ்வரிசை வீடுகளைக் காப்பாற்ற, சரிவில் மிச்சமிருக்கிற தண்ணீரையெல்லாம் குழாய் போட்டுக் குவாரியில் விடப்போகிறார்கள் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். நீங்கள் உடனே சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அங்கே ஓர் உயிர் இருக்கிறது, ஐயா.