துண்டுக்குள் ஒரு கை

– மாட்டைப் பாருங்க டாக்டரய்யா, எம் மூஞ்சியப் பார்க்காதீங்க. துண்டுக்குள்ள வெரலு வெலை பேசறப்ப கண்ணு வேற பக்கம் இருக்கோணும். வாயத் தொறந்தா சந்தை முழுக்கக் கேட்டுடும்.

– சரி பச்சியப்பன். நான் ரெண்டு விரலைப் பிடிச்சு நேரமாச்சு. நீங்க பதிலே சொல்லலையே?

– அழுத்தினனுங்களே!

– இல்லை. உங்க வலது கை ஈரத்துணி மாதிரி கிடக்குது.

– பச்சியண்ணே! என்ன இழுவை? வெலை படிஞ்சுதா, மாட்டை வூட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவட்டுமா?

– இர்ரா மாது! பெட்ரோலு ரேஷனாயிப் போச்சுன்னு மோட்டாரை மூலையில நிறுத்திட்டு, வண்டி கட்ட உன் மாட்டைத் தேடி வந்திருக்காரு சவுரியப்பன் டாக்டரு. புதுக்கை. பழக வேணாமா? … அய்யா, எதுக்கு மணிக்கட்டைப் புடிக்கறீங்க? அது எந்த வெலையிலயும் சேராதுங்களே!

– நாடி பார்க்கிறேன். சிரிச்ச முகமாவே பதில் சொல்லுங்க. இந்தக் கை இதுக்கு முந்தி இப்படி மரத்திருக்கா?

– மெதுவாங்க சாமி. போன வாரம் பொம்மிடி ஸ்டேஷன்ல டிக்கெட்டு கீழ வுழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தா வெரலு மடங்க மாட்டேங்குது. ரயிலு வர்றதுக்குள்ள சரியாயிடுச்சு.

– கண்ணு?

– அதை யாருங்க சொன்னது? எம் பொண்டாட்டிக்கே தெரியாதே! இடது கண்ணுல மேலருந்து திரை எறங்கின மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரந்தான். எவனோ செய்வினை வெச்சுட்டான்னு வத்தல்மலையில மந்திரிச்சு இந்தக் கயிறு கட்டியிருக்கேன்.

– கயிறு கையில இருக்கு. கோளாறு கழுத்துல. இடப்பக்கம் மேலே போற ரத்தக்குழாய்தான் அந்தக் கண்ணுக்கும் ரத்தம் கொடுக்குது, வலது கையை ஆட்டுற மூளைப் பாகத்துக்கும் கொடுக்குது. அது உள்ளே சுருங்கிட்டு வருதுன்னு நினைக்கிறேன். மூளைக்கு ரத்தம் நின்னு நின்னு போகுது. சுருட்டு உண்டா?

– சுருட்டு புடிக்காத தரகன் பொய்யை எப்படிங்க யோசிப்பான்?

– நாக்கு குழறுதா?

– குழறினா இந்த மாட்டுக்கு நாலு பல்லுதான், இளவயசுன்னு உங்கள நம்ப வெச்சிருப்பனா?

– விளையாட்டில்லை பச்சியப்பன். இப்போ வந்து வந்து போகுது. ஒரு தரம் வந்து போகாமலே நின்னுடும். காலும் பேச்சும் சேர்ந்து விழுந்துடும். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. துண்டை எடுக்கிறேன்.

– எடுக்காதீங்க! உங்க காலைப் புடிச்சுக்கறேன். சுத்தியும் தரகனுங்க நிக்கறானுங்க. கை வெளங்காதவன்னு ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும், நாளைக்கு எவன் என் துண்டுக்குள்ள கை வுடுவான்? காடில்லை, கழனியில்லை. இந்த வெரலை நம்பித்தான் எங்க வூட்ல ஒலை கொதிக்குது.

– நீங்க படுத்துட்டா ஒலை வைக்கிறது யாரு?

– சந்தை கலையற வரைக்கும் வுடுங்க.

– முடியாது.

– இந்த மாடு முடியற வரைக்கும்? உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நடுவால வாங்க.

– இதுல நடு இல்லை. விரல் அசைஞ்சா துண்டை நீங்களே கௌரவமா எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு என்னோட நடங்க. அசையலைன்னா கட்டில் கொண்டுவரச் சொல்லித் தூக்கிட்டுப் போவேன். எங்கே, அழுத்துங்க.

– பச்சியண்ணே, உனக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?

– வெயிலுடா மாது! … அய்யா, வருதுங்க. சுண்டுவெரல்ல சுருக்குங்குது. வந்துடுச்சுங்க! புடிச்சுட்டேன் பாருங்க, உங்க அஞ்சு வெரலையும் சேர்த்துப் புடிச்சுட்டேன். மாட்டைப் புடிக்கற புடிங்க இது. வலிச்சாச் சொல்லுங்க, வுட்டுடறேன்.

– இந்தப் பக்கம் திரும்புங்க பச்சியப்பன். என் ரெண்டு கையும் வெளியேதான் இருக்குது. துண்டுக்குள்ள உங்க கை மட்டும் அதே ஈரத்துணியாத்தான் கிடக்குது.