சிங்கத்தின் மறுபக்கம் ஒரு கழுத்தணி

வெள்ளியைத் துலக்க விபூதிக்கு நிகராக எதுவும் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த நாணயத்தை அப்படித்தான் துலக்கி வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். கடையில் செல்லாது, அறுபத்திரண்டாம் வருஷக் குடியரசு நாளுக்காக உத்திரமேரூர்ப் பொருட்காட்சிக் குழு அடித்த நினைவு நாணயம். ஒரு பக்கம் மூன்று சிங்கம், கீழே சக்கரம். மறுபக்கம் பழங்காலக் கழுத்தணி ஒன்று, பொன் தகட்டில் சிவப்புக் கல்மணி கோத்தது. சுற்றிலும் எழுத்து: 'காவாந்தண்டலம் பாண்டுரங்கன் மூதாதையர் அணி'. பாண்டுரங்கன் நான்தான்.

அணியை மண்ணிலிருந்து எடுத்தவன் என் பண்ணையாள் எல்லப்பன். அவனுடைய அம்மாவுக்குச் சேரி இடுகாட்டில் குழி வெட்டும்போது, உடைந்த முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்தது. மண் ஒட்டியபடியே என்னிடம் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். எது கிடைத்தாலும் முதலில் ஆண்டையிடம் காட்ட வேண்டும்.

என் கரும்புக் கொல்லையில் கிடைத்ததாகக் குழுவிடம் சொன்னேன். கொல்லை அந்த இடுகாட்டை ஒட்டியதுதான். சில வருஷமாக வரப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். நல்ல மண். செத்தவர்களுக்கு அத்தனை இடம் எதற்கு?

நாணயம் வந்த அன்று ஆட்களிடமும் காட்டினேன். கிணற்று வேலையில் மாடு ஓட்டும் சின்னப்பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூணு சிங்கந்தான் கீது. நாலாவது எங்க ஆண்டே?"

"பின்னால கீதுடா. வேலைன்னா ஒளிஞ்சிக்கும், உன்ன மாதிரி" என்றான் எல்லப்பன்.

எல்லாரும் சிரித்தோம். எல்லப்பனுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். உள்ளதை உள்ளபடி படித்துக்காட்டினேன். அதன்பிறகு அவன் சிரிக்கவில்லை.

அணி கிடைத்த இடத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் எல்லப்பன் கிணற்றடியில் என்னிடம் வந்தான்.

"ஆண்டே, ஆபீசரு கேட்டா சுடுகாட்டுலதான் எடுத்தன்னு சொல்லிடப் போறன்."

"சொன்னா உனக்கு இன்னாடா வரப்போவுது?"

"சர்க்காரு அந்த எடத்துக்கு வேலி போட்டுடும். எங்க பொணத்தத் தூக்கிக்கினு நாங்க அலைய வாணாம். அந்த நகயப் போட்டுக்கினு இருந்தவ எங்க சனம் ஆண்டே. உங்க சனத்த அங்க எப்பப் பொதச்சாங்க?"

மரியாதையாகத்தான் கேட்டான். "சொல்லிக்கோடா, மொதல்ல வேலயப் பாரு" என்றேன்.

கிணற்றில் பாறை தட்டியிருந்தது; வேட்டு வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். எல்லப்பன் கீழே இறங்கித் திரியில் நெருப்பு வைப்பான். மாடுகள் இழுக்கும் கவலை வடத்தில் கட்டிய பலகையில் உட்கார்ந்து குரல் கொடுப்பான். மேலே மாடுகளைச் சரிவில் ஓட்டினால் அவன் ஏறி வந்துவிடுவான். அன்று, ரோட்டில் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சின்னப்பையனை அனுப்பிவிட்டு, மாடுகளுடன் நான் நின்றேன்.

மாடு மிரண்டுவிட்டதாக அப்போது சொன்னேன். அது தவறு, வாயில்லா ஜீவன்கள் மேல் பழி போடக் கூடாது. அவை பழகிய மாடுகள். அவன் குரல் கேட்டதும் தாமாகவே சரிவில் கால் வைத்தன. நான்தான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். சின்னப்பையன் ரோட்டிலிருந்து பார்த்ததாகச் சொல்வது சரிதான். ஆனால் திரியை நான் பற்றவைக்கவில்லை. எல்லப்பனைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் அதிகாரியிடம் கொல்லையைக் காட்டினேன். எல்லப்பனின் பெண்சாதி சிட்டம்மாளுக்குக் கோடித்துணி என் செலவில் எடுத்துக்கொடுத்தேன். இடுகாட்டில் அதிகாரி வருவதற்கு முன்பே நான் கரும்பு நட்டிருந்ததால், அவனை ஏரிக்கரையில் புதைத்தார்கள்.

அவன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சின்ன வயசிலிருந்து என் வீட்டுச் சோறு தின்றவன். முதலில் "ஓட்டுங்க ஆண்டே" என்றுதான் கூப்பிட்டான். மறுபடியும் "ஆண்டே" என்றான். கடைசியில், திரி சீறுவது மேலே வரைக்கும் கேட்டபோது, "பாண்டுரங்கா, ஓட்டுடா" என்றான்.

அதுவரை மாட்டை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.