வாத்து ஆறிடக் கூடாதுன்னு

இரக்கமா? அந்த வார்த்தையை மட்டும் இரங்கல் உரையிலேருந்து அடிச்சிடுங்க பாதிரியாரய்யா. நாளைக்கு அடக்கத்துல நின்னு நீங்க அதை வாசிச்சா நான் எழுந்து போயிடுவேன். ஆமா, பதினோரு வருஷம் அவருக்கு ஆக்கிப் போட்டவதான் சொல்றேன். உக்காருங்க. அய்ய, அந்த நாற்காலி வேணாம், அது அவரோடது. மூணு தடவை தேச்சும் பிசுக்கு போகல.

பீரு நீங்களே ஊத்திக்குங்க. ஜாடி மூடியை என்னால திறக்க முடியாது, கட்டைவிரல் ரெண்டும் மடங்காது. இதுவா? பழசு. விடுங்க.

சரி, எழுதிக்குங்க. பேராசிரியர் ஆம்லுங், முப்பத்தாறு வருஷம் சட்டம் சொல்லிக் குடுத்தாரு. முப்பத்தாறு வருஷமும் ஒரே நோட்டு. இதோ, இந்த முன்கூடத்துலதான் பாடம். எந்த இடத்துல சிரிக்க வைக்கணும்னுகூட ஓரத்துல குறிச்சு வச்சிருந்தாரு. பேசிக்கிட்டே எறகுப் பேனாவை டோப்பாவுக்குள்ள விட்டுச் சொறிவாரு. அதே பேனாவால அப்புறம் பல்லு குத்துவாரு. த்தூ.

இளவரசர் இவருக்கு அரசவை ஆலோசகர்னு பட்டம் குடுத்தாருல்ல, அதையும் எழுதுங்க. அன்னையிலேருந்து வீட்டுக்குள்ளயும் பட்டத்தை முழுசா சொல்லித்தான் கூப்பிடணும். அரசவை ஆலோசகர் அவர்களே, சூப்பு கொண்டாரட்டுங்களான்னு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சூப்பு ஆறிடும். ஆறிடுச்சுன்னு என்னையே திட்டுவாரு. எனக்கு அவரு வச்ச பேரு சமையக்காரி. அவ்வளவுதான்.

தெரியுமே, அந்தப் புஸ்தகம். சித்திரவதை பண்ணி உண்மையை வாங்கக் கூடாதுன்னு எழுதினது. நீங்க படிச்சு அழுதீங்களா? அழுதிருப்பீங்க. நல்லாத்தான் எழுதுவாரு மனுசன்.

ஆனா வெளியூரு கேஸுங்க வருமே, அது தெரியுமில்ல? அங்க இருக்கிற நீதிபதிக்கு முடிவு பண்ணப் பயம். காகிதத்தை மூட்டை கட்டி இங்க அனுப்பிடுவாரு. இவங்க அஞ்சு பேராசிரியருங்க படிச்சுட்டு, ஆளு மூஞ்சியைக்கூடப் பாக்காம, தலையை வெட்டுங்க, இல்ல விட்டுடுங்கன்னு எழுதி முத்திரை குத்தி அனுப்புவாங்க. அதுல பாதியை எழுதினது இவருதான். இதோ இந்தச் சாப்பாட்டு மேசையில.

எழுதிப் பாத்த பழைய தாளையெல்லாம் அடுப்படிக்குக் குடுத்துடுவாரு, கேக்குக்கு அடியில தட்டுல விரிக்கிறதுக்கு. போன வாரம் மார்ட்டின் திருநாளு, வீட்டுக்கு வீடு வாத்து வறுக்கிற நாளாச்சே, அதுக்கு கேக் போடறப்ப ஒண்ணு கையில வந்துச்சு. படிக்கத் தெரியும்யா எனக்கு, வேதம் படிச்ச பொண்ணுதான். இந்தாங்க, நீங்களே பாருங்க. வெண்ணெய்க் கறை, ஒண்ணும் பண்ணாது.

இருபது வருஷத்துக்கு முந்தின தேதி. சபீனான்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு, எசமானோட களஞ்சியத்துக்குத் தீ வச்சுட்டாள்னு கேஸு. கீழ என்ன எழுதியிருக்காரு? சாட்சி ஒண்ணும் இல்ல, விட்டுடலாம்னு. எவ்வளவு அழகான கையெழுத்து! அதை அடிச்சு ஒரு கோடு. கோட்டுக்கு மேல? ஆங், கட்டைவிரலை இடுக்கியில வச்சு விசாரிக்கலாம்னு.

ஏன் மாத்தினாருன்னா கேக்கறீங்க? ஓரத்தைப் பாருங்க. மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க, விட்டுடச் சொன்னா இன்னும் நாலு பக்கம் காரணம் எழுதணும், இன்னிக்கு மார்ட்டின் வாத்து, ஆறிடும். தனக்குத்தானே எழுதி வச்சுக்கிட்டாரு பாருங்க! சட்டைக் கை சரிகையில கொழுப்பு ஒழுக ஒழுகத் தின்னிருப்பாரு. வருஷா வருஷம் நான் பாத்திருக்கேனே.

கேட்டேன். கேக்காம இருப்பேனா? அன்னிக்கு வாத்துக்குப் பதிலா இந்தத் தாளைத் தட்டுல வச்சுக் கொண்டுபோய் வச்சேன். கண்ணாடி போட்டு நிதானமா படிச்சாரு. அப்போ என் கையெழுத்து நல்லா இருந்திருக்குன்னாரு. அப்புறம், இவ செத்துட்டாளான்னு கேட்டாரு. இல்லீங்க, ரெண்டு விரலும் நசுங்கியும் ஒத்துக்கல, விட்டுட்டாங்கன்னேன். அப்போ சரியாத்தானே முடிஞ்சிருக்கு, வாத்து எங்கன்னாரு.

வச்சேன். தின்னாரு. நாலு நாள்ல போய்ச் சேந்தாரு. அய்யோ, நான் ஒண்ணும் பண்ணல. மாரடைப்பு. வைத்தியரைக் கேளுங்க.

என்ன? இரக்கத்தை அடிச்சுட்டீங்களா? நல்லது. கடைசியில விசுவாசமான சமையக்காரிக்கு நன்றி சொல்லணுமா? பேரா கேக்கறீங்க? பதினோரு வருஷத்துல இந்த வீட்டுல எவனும் கேக்கல.

சபீனாதான். எழுதுங்க பாதிரியாரய்யா, ஏன் பேனாவைக் கீழ வச்சுட்டீங்க?