மரத்தைச் சுற்றப் போனவர்

சாயங்காலம் ஐந்தரை மணி. ஊட்டிப் பூங்காவின் மேட்டுப் பாதை. ஆள் நடமாட்டமே இல்லை... மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது.

கிட்ட வந்து உட்காருங்கள். கரண்டு வர நேரமாகும், அதுவரை தையல் மெஷின் ஓடாது, ஒரு கதை சொல்கிறேன். இது நம்ம கிட்டுசாமியின் அக்கா பழனாத்தாளுக்கு நடந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்தில். அவள் வீட்டுக்காரர் ஆத்தப்பன் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், எல்லோரையும் குடும்பத்தோடு ஊட்டிக்கு பஸ்ஸில் கூட்டிப் போயிருந்தார்கள்.

மற்றவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஒரு மரத்தடியில் நின்றார்கள். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். உச்சி தெரியவில்லை.

“நில்லு புள்ள. ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்தர்றேன்.”

போனார். சருகில் செருப்புச் சத்தம்... சரக், சரக். மரத்துக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டது.

“ஏனுங்க...”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. “ஏனுங்க!” என்று மறுபடி கத்தினாள்.

வந்தார். ஆனால் சுற்றிக்கொண்டு வரவில்லை. போன பக்கமாகவே திரும்பி வந்தார். அவள் சேலை பனியில் நனைந்து ஒட்டிக் கிடந்தது... அவர் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மேலெல்லாம் கிணறு தோண்டும்போது வருமே, அந்த அடிமண் வாசம்.



ஊருக்கு வந்த பிறகு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேலைக்குப் போனார், சாப்பிட்டார், கோபப்படக்கூட இல்லை. இருந்தாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒருநாள் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நம்ம கண்ணாலத்தன்னிக்கு மழைக்கு எங்கீங்க ஒதுங்குனோம்?”

கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். தூரத்தில் யாரோ சொல்வதைக் கேட்பதுபோல... அப்புறம் சொன்னார்.

“பொரிக்கடையில.”

சரியான பதில்தான். ஆனால் யாரிடமோ கேட்டுச் சொன்ன மாதிரி இருந்ததே, அவளுக்கு அதுதான் பயமாகிவிட்டது.

குன்னத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, கிட்டுசாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனாள். பட்டப்பகல், நல்ல வெயில். புல்வெளியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மரத்தின் முன்னால் நின்று கூப்பிட்டாள்.

“ஏனுங்க...”

சரக், சரக்.

“வந்துட்டேதான் இருக்கறேன் புள்ள...” மரத்துக்குப் பின்னாலிருந்து ஆத்தப்பன் குரல். மூச்சு வாங்கியது. “இது முடியவே மாட்டேங்குது.”

கிட்டுசாமி ஓடிச் சுற்றினான். பின்னால் யாருமில்லை. சருகுகூட இல்லை, வெறும் புல்தான். அக்கா அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“அக்கா, வேண்டா! நீயும் போயிட்டீன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?”

அழ அழ அவளைக் கீழே கூட்டி வந்தான். இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தது. ஆத்தப்பன் அடுப்பு மூட்டிச் சோறு வடித்து, கூடத்தில் தட்டுப் போட்டிருந்தார். நாலு தட்டு.

“இருக்கறது மூணு பேருதானுங்களே மாமா?” என்றான் கிட்டுசாமி.

இவர்கள் இரண்டு பேரும் உள்ளே வந்த பிறகும் அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு, இன்னும் யாருக்கோ வழி விடுவதுபோல் சுவரோரம் ஒதுங்கி... கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.